கோரைப்பல் ராஜா நம்ம கடாரத்துக்காரர், தெரியுமா?

பாட்டி வடை சுட்ட கதையில் நரி பாடச் சொன்னதும் காக்கா வாயைத் திறக்கும், வடை விழும், கதை முடியும். ஆனால் வடையைக் காலில் இடுக்கிக்கொண்டு 'கா... கா...' என்று ஆசைதீரப் பாடிவிட்டு, நரியைப் பசியோடு அனுப்பிவைக்கும் கெட்டிக்காரக் காக்காவும் நம் வீடுகளில் உண்டு. எந்தத் தாத்தா முதலில் அப்படி மாற்றிச் சொன்னாரோ! கேட்டுப் பழகிய கதையைப் புரட்டிப்போட்டுப் பிள்ளைகளைச் சிரிக்கவைக்கும் இந்தக் கலையை 2001இல் 'ஷ்ரெக்' என்ற பச்சைப் பூதம் உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அதற்கு 42 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பினாங்குப் பிள்ளை அதைத் திரையில் செய்து, ஆசிய அளவில் பரிசும் வாங்கிவிட்டார், தெரியுமா? அவர் எடுத்தாண்ட கதையின் சுட்டிப் பையன் 2019இல் ஒரு மலேசியக் கார்ட்டூன் படத்துக்குள் மறுபடி துள்ளிக் குதித்து வந்தான், தெரியுமா? அந்தப் படத்தின் வில்லன் ஆண்ட மண், ராஜேந்திர சோழன் வென்ற கடாரம் என்பதாவது தெரியுமா?

முதலில் அந்தப் பச்சைப் பூதத்தைப் பார்த்துவிடுவோம். வில்லியம் ஸ்டெய்க் 1990இல் எழுதிய சின்னஞ்சிறு சிறுவர் புத்தகம்தான் 'ஷ்ரெக்'. அதிலிருந்து பிறந்த படம் தொடங்கிய சற்று நேரத்திலேயே தேவதைக் கதைப் புத்தகத்தின் பக்கத்தைக் கிழித்துக் கழிப்பறைக் காகிதமாக்கிவிடும் பூதம்! சாபம் தீர்ந்ததும் இளவரசி பேரழகியாக மாறுவாள் என்று எல்லோரும் காத்திருக்க, அவள் பூதமாகவே நின்றுவிடுவாள். பூதத்துக்கு முதலில் குரல் கொடுத்தவர் கிறிஸ் ஃபார்லி. பெரும்பகுதியைப் பேசி முடித்த நிலையில் 1997இல் அவர் இறந்துபோனார். அடுத்து வந்த மைக் மையர்ஸ் முழுவதையும் பேசி முடித்தபிறகு, 'இல்லை, ஸ்காட்லாந்து உச்சரிப்பில் மறுபடி பேசுகிறேன்' என்றார். மறுபடி பேசினார்! 2002இல் ஆஸ்கார் குழு முழுநீள அனிமேஷன் படத்துக்கென்றே ஒரு விருதை வழங்கத் தொடங்கியபோது, அதை முதன்முதலாகத் தட்டிச்சென்றது இந்தப் பூதம்தான்.

அந்த வரிசையில் கிளைத்த 'புஸ் இன் பூட்ஸ்' (2011) பூனைப் படத்தில் பெங்களூருக் கலைஞர்களின் உழைப்பு இருக்கிறது, தெரியுமா? சிவப்புக் குல்லாய்ச் சிறுமியின் கதையைப் போலீஸ் விசாரணையாக்கி, ஓநாய்க்கும் பாட்டிக்கும் ஆளுக்கொரு வாக்குமூலம் கொடுத்த 'ஹூட்விங்க்ட்' (2005) படம் மணிலாவில்தான் உயிரூட்டப்பட்டது. மேற்கத்திய தேவதைக் கதைகளைக் கலைத்துப்போட்ட கைகளில் பல நம் ஆசியக் கைகள்!

சரி, நம்ம ஊருக்கு வருவோம். மலேசியாவில் பிள்ளை வளர்க்கும் எந்த வீட்டிலும் 'உப்பின் இப்பின்' பெயரைச் சொன்னால் போதும். 2007 செப்டம்பரில், நோன்பு மாதத்தில் பிள்ளைகளுக்கு நோன்பைப் பற்றிச் சொல்லத் தொலைக்காட்சியில் வந்த குட்டித் தொடர் அது. புர்ஹானுதீன் முகமது ராட்ஸியும் அவர் மனைவி ஐனோன் அரிஃபும் இளம் பட்டதாரிகளைச் சேர்த்துக்கொண்டு 2005இல் தொடங்கிய 'லெஸ் கொப்பாக்' நிறுவனத்தின் படைப்பு. மொட்டைத் தலை இரட்டையர்களின் கம்பத்தில் அங்கிள் முத்துவின் சாப்பாட்டுக்கடை உண்டு, ராஜு உண்டு. விலங்குகளோடு பேசத் தெரிந்தவன் இந்த ராஜு! கம்பத்துப் பிள்ளைகளில் இப்படியொரு வரம் நம்ம பையனுக்குக் கிடைத்ததில் எனக்குச் சொல்லமுடியாத மகிழ்ச்சி.

அந்த இரட்டையர்கள் 2019 மார்ச் 21 அன்று 'கெரிஸ் சியாமாங் துங்கால்' என்ற முழுநீளப் படத்தில் ஒரு மந்திரக் குறுவாளைக் கையில் எடுக்கிறார்கள். எடுத்ததும் நண்பர்களோடு இந்திரலோகாவில் போய் விழுகிறார்கள். ஆம், பெயரே இந்திரலோகா! அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். தென்னைமரக் கனவுக்காரன் மாட் ஜெனின். சுட்டிப் பையன் பெலாலாங். கதைக்குக் கதை வந்துபோகும் குடிசைக் கிழவி நெனெக் கெபாயான். வெங்காயம், பூண்டு என்று பெயர் வைத்த அக்கா தங்கை கதையிலிருந்து பாவாங் மேரா. இவர்களையெல்லாம் ஆட்டிப்படைக்கும் கோரைப்பல் அரசன் ராஜா பெர்சியோங். தனித்தனிக் கதைகளில் தனித்தனியாக வாழ்ந்து கெட்டவர்கள் அத்தனை பேரும் ஒரே ஊரில்! வெவ்வேறு பாட்டிமார் வெவ்வேறு இரவுகளில் சொன்ன கதைகளை ஒரே பானையில் போட்டுக் கிண்டிய மாதிரி. மலேசியத் திரையரங்குகளில் 2 கோடியே 60 லட்சம் வெள்ளியை அள்ளிய படம் இது. அந்த ஆண்டு ஆஸ்காருக்குத் தகுதிபெற்ற 32 அனிமேஷன் படங்களின் பட்டியலிலும் இடம்பிடித்தது. இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. போனால் என்ன, போகாவிட்டால் என்ன, கம்பத்துக் கதைகள் அந்தப் பட்டியல் வரைக்கும் போயிற்றே!

இப்போது அந்தக் கோரைப்பல் ராஜாவுக்கு வருகிறேன். இவரைப் பற்றி எத்தனை சொன்னாலும் எனக்கு ஆற்றாது.

கெடாவின் பழங்கதைகளைச் சொல்லும் 'ஹிக்காயாட் மெரோங் மகாவங்சா' என்ற நூலில் வருகிறார் இவர். அரண்மனைச் சமையல்காரி கீரை நறுக்கும்போது விரலை வெட்டிக்கொள்கிறாள். ஒரு சொட்டு ரத்தம் குழம்பில் விழுகிறது. வேறு குழம்பு வைக்க நேரமில்லை. பயந்துகொண்டே பரிமாறுகிறாள். ராஜா சாப்பிடுகிறார்... இன்னும் கேட்கிறார்! 'இன்றைக்கு மட்டும் ஏன் இத்தனை ருசி?' என்று மிரட்டிக் கேட்க, உண்மை வெளியே வருகிறது. அன்றிலிருந்து அவருக்கு ரத்தம் சேர்த்தால்தான் சோறு இறங்கும். மெல்ல மெல்லக் கோரைப்பல் முளைக்கிறது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த குடிமக்கள் கடைசியில் திரண்டெழுந்து துரத்த, ராஜா தப்பி ஓடுகிறார். பாலிங் என்ற ஊரில் தன் பற்களைப் பிடுங்கி எறிந்தார் என்று கெடாக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஒரு ராஜாவைக் குடிமக்களே துரத்தியடிக்கும் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்த ஊர் அது!

அந்த ஊர் எது? பினாங்கின் எஸ்பிளனேட் கடற்கரையில் வானம் தெளிவாக இருக்கும் காலையில் வடக்கே பாருங்கள். கடலுக்கு அப்பால் நீலமாக எழுந்து நிற்கும் ஜெராய் மலை, 1,217 மீட்டர் உயரம். அதன் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு. பழங்காலக் கோயில்களின் அடித்தளங்களும் மணிகளும் கல்வெட்டுகளும் கிடைத்த மண். பட்டினப்பாலை காழகம் என்று குறிப்பிடுவதும், சோழர் கல்வெட்டுகள் கடாரம் என்பதும் இந்தக் கெடாவைத்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 1025 வாக்கில் ராஜேந்திரனின் கப்பல்கள் வந்து சேர்ந்த கடாரம். பள்ளிக்கூடத்தில் 'கடாரம் கொண்டான்' என்று மனப்பாடம் செய்தோமே, அதே இடத்து ராஜாவுக்குத்தான் கார்ட்டூனில் பல் முளைக்கிறது!

இன்னும் கேளுங்கள். இந்தப் பழைய நூலை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர் ஜேம்ஸ் லோ. இன்றைய செபராங் பிறை அன்று வெல்லெஸ்லி மாகாணமாக இருந்தபோது அதை நிர்வகித்த அதிகாரி. அவருடைய மொழிபெயர்ப்பு 1849இல் அச்சேறியது. ஆக, கோரைப்பல் ராஜா பினாங்கு மாநிலத்து அதிகாரி ஒருவர் வழியாகத்தான் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொண்டார்.

அவரை வெள்ளித்திரைக்குக் கொண்டுவர ஆசைப்பட்டவர்களில் நாட்டின் முதல் பிரதமரே ஒருவர், தெரியுமா? துங்கு அப்துல் ரஹ்மான் கெடா அரச குடும்பத்துப் பிள்ளை. சிறு வயதிலிருந்தே கேட்ட கதையை அவரே எழுதிக் கொடுக்க, ஜமில் சுலோங் இயக்கத்தில் 'ராஜா பெர்சியோங்' 1968இல் வெளிவந்தது. அப்போது துங்கு பிரதமர் பதவியில் இருக்கிறார்! நாட்டை நடத்திக்கொண்டே ரத்தம் குடிக்கும் ராஜாவுக்குத் திரைக்கதை யோசித்த பிரதமர் வேறெங்காவது உண்டா? ஓய்வுக்குப் பிறகு அவர் பினாங்கில்தான் குடியிருந்தார். 1971இல் பினாங்கில் பிறந்த 'தி ஸ்டார்' நாளிதழில் அங்கிருந்தபடியே பத்தி எழுதினார்.

இனி பெலாலாங். இந்தச் சுட்டிப் பையன் இல்லாமல் பினாங்குக் கதை நிறைவடையாது.

பா பெலாலாங் ஒரு சோம்பேறி அப்பா. மகனோ மகா புத்திசாலி. மகன் எருமைகளை ஒளித்துவைப்பான், அப்பா 'ஜோசியம்' பார்த்து இடத்தைச் சொல்வார். பெயர் பரவி அரண்மனை வரைக்கும் போய்விடும். இந்தக் கதையை எடுத்துக் குலுங்கக் குலுங்கச் சிரிக்கவைத்தவர் பி. ராம்லி. 1929 மார்ச் 22 அன்று ஜார்ஜ்டவுனில் பிறந்தவர். அப்பா ஆச்சேயிலிருந்து வந்தவர், அம்மா கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த் பக்கம். கம்போங் ஜாவா பள்ளியிலும், பிறகு பினாங்கு ஃப்ரீ ஸ்கூலிலும் படித்தார். அவர் பிறந்த வீடு இன்றும் அவர் பெயர் தாங்கிய சாலையில் நினைவில்லமாக நிற்கிறது. இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர் பி. எஸ். ராஜான்ஸ் 1948இல் அவர் பாட்டைக் கேட்டுச் சிங்கப்பூருக்கு அழைத்துக்கொண்டார். கதாநாயகனாக முதல் வாய்ப்பு கொடுத்தது யார் தெரியுமா? எல். கிருஷ்ணன்! சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த நம்மவர். படம் 'பக்தி' (1950). பினாங்குத் தமிழர் ஒருவர் பினாங்கு மலாய்க்காரர் ஒருவரைச் சிங்கப்பூரில் நாயகனாக்கிய நாள் அது. வீதியில் நின்று கொட்டு அடித்துச் சொல்ல வேண்டிய சேதி!

ராம்லியின் 'நுஜும் பா பெலாலாங்' 1959இல் வந்தது. கோலாலம்பூரில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நகைச்சுவைப் படம் என்ற பரிசு அதற்கே. இரண்டு ஆண்டு கழித்து 'அலிபாபா புஜாங் லாப்போக்'. ஆயிரத்தொரு இரவுகளின் திருடர் குகைக்குள் அன்றைய சிங்கப்பூரின் பேச்சையும் நையாண்டியையும் கொண்டுபோய்க் கொட்டினார். திருடர் தலைவன் வேடம் யாருக்கு? இயக்குநருக்கே! அதற்கு ஐந்து ஆண்டு முன்னால், 1956 பொங்கலுக்கு, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் இதே கதையை எம்.ஜி.ஆரை வைத்துத் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமாக்கியிருந்தது. அங்கே அலிபாபா வாள் சுழற்றும் வீரன், இங்கே அவனைச் சுற்றி ஒரே கலாட்டா. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்க வாய்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 1972இல் ராம்லி கடைசியாக இயக்கிய 'லக்சமானா டோ ரே மி' படத்திலும் ஒரு கற்பனை ராஜ்யம், அதைச் சிரிப்பால் கலகலக்கவைக்கும் மூன்று பேர். மறு ஆண்டு, 44 வயதில், அவர் போய்விட்டார்.

பா பெலாலாங்கில் ஒரு காட்சிக்காகவே இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன் என்றால் மிகையில்லை. அரண்மனைப் பொருள் களவு போகிறது. கண்டுபிடிக்காவிட்டால் போலி ஜோசியரின் தலை போகும். 'ஐயோ உயிரே, ஐயோ உடம்பே' என்று புலம்புகிறார். திருடர்கள் இரண்டு பேருக்கும் பெயரே நியாவா, பாடான். அதாவது உயிர், உடம்பு! ஒளிந்திருந்து கேட்டவர்கள், நம் பெயரையே சொல்லிவிட்டாரே என்று நடுநடுங்கி ஓடிவந்து காலில் விழுகிறார்கள்.

இந்தக் காட்சிக்கு எத்தனை வயது தெரியுமா? 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் சோமதேவர் எழுதிய 'கதாசரித்சாகரம்' நூலில் ஹரிசர்மன் என்ற பிழைக்கத் தெரியாத அந்தணன் ஒருவன் வருகிறான். அவன் ஒரு குதிரையை ஒளித்துவைத்து, ஜோசியத்தில் கண்டுபிடித்ததாகப் பெயர் வாங்குகிறான். பிறகு அரண்மனையில் களவு போகிறது. இரவில் தன் நாக்கைத் தானே திட்டிக்கொள்கிறான், 'ஏ நாக்கே, என்ன காரியம் செய்தாய்!' என்று. சமஸ்கிருதத்தில் நாக்கு ஜிஹ்வா. திருடிய பணிப்பெண்ணின் பெயரும் ஜிஹ்வா! கதவுக்கு வெளியே நின்று கேட்ட அவள் உள்ளே வந்து விழுகிறாள். ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் சேகரித்த 'எல்லாம் தெரிந்த டாக்டர்' கதையிலும் இதே தடுமாற்றம், இதே அதிர்ஷ்டம். காஷ்மீரத்தில் குதிரை, மலாய் மண்ணில் எருமை. ஒளித்துவைக்கும் தந்திரம் மட்டும் அப்படியே! எந்த வியாபாரி, எந்தக் கப்பலில், யார் காதில் போட்டானோ!

கப்பலோடு வந்து பினாங்கில் இறங்கிக் கலந்தவை இன்னும் உண்டு. பம்பாய்ப் பார்சி நாடகக்குழுக்கள் 19ஆம் நூற்றாண்டில் இங்கே வந்து கூத்துக் கட்டின. அவர்களின் உடுப்பையும் திரைச்சீலையையும் விலைக்கு வாங்கி, 1885 வாக்கில் மாமாக் புஷி தொடங்கியதுதான் 'இந்திரா பங்சாவான்' குழு. பங்சாவான் நாடகம் பிறந்த ஊர் பினாங்கு! அரபுக் கதை, இந்தியக் கதை, சீனக் கதை, ஷேக்ஸ்பியர், எல்லாம் ஒரே மேடையில். இடையிடையே ஆட்டம், பாட்டு, கோமாளி. மதராஸ் படைப்பிரிவு வீரர்களின் முஹர்ரம் வழக்கத்திலிருந்து கிளைத்த 'போரியா'வும் பினாங்குக்கே உரிய சொத்து. வேஷம் கட்டி, முதலில் நகைச்சுவை நாடகம், பிறகு கூட்டமாகப் பாட்டு. ராம்லி வளர்ந்தது இப்படிப்பட்ட தெருக்களில்தான்.

மாட் ஜெனினைச் சும்மா விடலாமா? கூலிக்குத் தென்னை ஏறியவன். கூலியில் கோழி, கோழி விற்று ஆடு, ஆடு விற்று மாடு, கடைசியில் இளவரசியோடு கல்யாணம் என்று மரத்து உச்சியிலேயே கனவு கண்டு, கையை விட்டு விழுந்து செத்தவன். பஞ்சதந்திரத்தில் மாவுப் பானையை உதைத்து உடைத்த அந்தணன் நினைவுக்கு வருகிறானா? பிறக்காத மகனுக்குச் சோமசர்மா என்று பெயரும் வைத்துவிட்டவன்! அந்தப் பஞ்சதந்திரத்தைத் தமிழிலிருந்தே மலாய்க்கு மொழிபெயர்த்தவர் முன்ஷி அப்துல்லா. ராஃபிள்ஸிடம் எழுத்தராக இருந்த மலாக்காக்காரர், முன்னோர் நாகூரோடு உறவு கொண்டவர்கள். தம்பிமுத்து வீரபத்தர் என்ற தமிழ் நண்பரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 1835இல் அவர் அதைச் செய்தார். தலைமுறை தலைமுறையாகச் சோம்பேறிக்கு எச்சரிக்கையாகச் சொல்லப்பட்ட மாட் ஜெனின், 2019 படத்தில் பிள்ளைகளுக்குத் துணையாக வந்து போருக்கு ஆள் சேர்க்கிறான். விழுந்து செத்தவனை எழுப்பி நிறுத்திவிட்டார்கள்! அந்தப் படத்தில் எனக்கு மிகப் பிடித்த புரட்டல் இதுதான்.

மலேசியாவின் முதல் அனிமேஷன் குறும்படத்தைச் செய்தவர் பெயர் ஆனந்தம் சேவியர், தெரியுமா? அரசின் பிலெம் நெகாரா நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1978இல் அவர் உருவாக்கிய 'ஹிக்காயாட் சாங் கஞ்சில்' 1983இல்தான் மக்கள் பார்வைக்கு வந்தது. நாயகன் ஒரு சருகுமான், முயல் அளவுதான் இருக்கும். ராஜாவின் உத்தரவு, உங்களை எண்ண வேண்டும் என்று முதலைகளை வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொன்றின் முதுகிலும் மிதித்து ஆற்றைக் கடந்துவிடும் கில்லாடி. முதலையிடம், என் இதயத்தை மரத்தில் விட்டுவந்தேன் என்ற நம்ம குரங்குக்குச் சொந்தக்காரன்தான்! இன்று கணினியில் நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து செய்யும் வேலையின் முதல் அடியை இந்த மண்ணில் எடுத்து வைத்த பெயரை நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

கடைசியாக ஒன்று. தாயை மறுத்ததால் கப்பலோடு கல்லாகிப்போன சி தங்காங் கதையை மலேசியப் பள்ளிக்கூடம் போன எவரும் கேட்டிருப்பார்கள். அவன் தாய் டெருமாவும் இந்தக் கார்ட்டூன் படத்தில் வருகிறாள். கல்லாகிப்போன அந்தக் கப்பல் இப்போது எங்கே என்று கேட்டால் ஒரு பழங்கதை கைகாட்டும் இடம் எது தெரியுமா? பத்துமலை! நாம் 272 படி ஏறி முருகனைப் பார்க்கப் போகும் அதே சுண்ணாம்புக் குன்றுதான் அந்த மாலுமியின் கப்பலாம். அடுத்த தைப்பூசத்தில் பினாங்குத் தண்ணீர்மலைக்குப் போகாமல் பத்துமலைக்குப் போவதாக இருந்தால், பிள்ளைகளைக் கையோடு கூட்டிப்போங்கள். பாய்மரம் எந்தப் பக்கம், முன்னணியம் எந்தப் பக்கம் என்று அவர்களே கண்டுபிடித்துச் சொல்லட்டும்!